பென்னின் பிக்காசோவா, அவெடானின் மர்லினா?

1957-ல் எடுத்த இரண்டு முகங்கள். ஒன்று, பிரான்சின் கான் நகரில் ‘லா கலிஃபோர்னி’ வீட்டில் இர்விங் பென் எடுத்த பிக்காசோ. இன்னொன்று, அதே ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் ரிச்சர்ட் அவெடான் எடுத்த மர்லின் மன்றோ. பென் ‘வோக்’ பத்திரிகையின் ஆள். அவெடான் அப்போது ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’. ஃபேஷன் புகைப்படக் கலையையே மாற்றிப்போட்ட இருவர். கையெழுத்திட்ட பிரிண்டாக, இரண்டில் ஒன்றைத்தான் சேகரிக்கலாம் என்றால் எதை எடுப்பது? என் ஓட்டு பென்னுக்கு. அதற்குப் பாதிக் காரணம் படம், மீதிக் காரணம் தாள்.

முதலில் படம். பிக்காசோ தலையில் தொப்பி, கழுத்தில் உயர்த்திவிட்ட காலர். முகத்தில் பாதியை இருட்டு விழுங்கிவிட்டது. மிஞ்சியது ஒரு கண். ஏறக்குறைய சதுரமான படத்தின் நடுவில் இருந்து நம்மையே பார்க்கிறது. பென்னுக்குக் கொஞ்ச நேரமே கிடைத்தது என்பார்கள். அந்த அவசரத்தின் சுவடு படத்தில் துளிகூட இல்லை.

மர்லின் படத்தில் கதை நேர் எதிர். மணிக்கணக்காக ஆடிப் பாடிச் சிரித்துவிட்டு, எல்லாம் ஓய்ந்து அவர் உட்கார்ந்த தருணம் அது என்று அவெடான் பிற்பாடு சொன்னார். சீக்வின் எனும் மினுக்கு வில்லைகள் பதித்த உடை அப்படியே மினுங்குகிறது. பார்வை மட்டும் எங்கோ விலகிப் போயிருக்கிறது. உலகமே தெரிந்துவைத்திருந்த முகத்தில் உலகம் பார்க்காத ஒன்றைப் பிடித்த படம். உருக்கத்தில் பிக்காசோ படத்தைவிட இதுதான் ஒரு படி மேல், சந்தேகமே இல்லை.

ஆனால் சேகரிப்பவர் வாங்குவது படத்தை அல்ல, பிரிண்டை. இங்கேதான் தராசு சாய்கிறது.

அவெடானுடையது சில்வர் ஜெலட்டின். தாளின் மேல் ஒரு ஜெலட்டின் படலம், அதற்குள் வெள்ளித் துகள்கள். கருப்பு ஆழமாக விழும். நெகட்டிவை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். பென்னுடையது பிளாட்டினம், பலேடியம் என்ற உலோகங்களைக் கொண்டு அச்சிடும் முறை; அதில் அந்தப் படலமே கிடையாது. உலோகம் தாளின் நாருக்குள்ளேயே இறங்கி நிற்கும். அதனால் மேற்பரப்பில் பளபளப்பு இல்லை. நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே சாம்பல் நிறம் படிப்படியாக, முடிவே இல்லாததுபோல இறங்கும். நெகட்டிவைத் தாளோடு ஒட்டிவைத்துத்தான் அச்சிட வேண்டும் என்பதால் பிரிண்ட் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிது. உலோக ரசாயனத்தைத் தாளில் ஒருமுறை பூசி அச்சிட்டதோடு பென் விடவில்லை. நனைந்தால் தாள் சுருங்கி விரியும் என்று அதை முதலிலேயே அலுமினியத் தகட்டில் ஒட்டினார். ஒருமுறை அச்சிட்டபின் மறுபடி பூசி, நெகட்டிவை இம்மி பிசகாமல் அதே இடத்தில் பொருத்தி, மறுபடி ஒளி காட்டினார். 1960-களில் தொடங்கிய இந்த வேலைக்காகத் தன் பழைய நெகட்டிவ்களை அவரே மீண்டும் கையில் எடுத்தார். பிக்காசோவின் தொப்பி விளிம்புக்குக் கீழே உள்ள இருட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வெறும் கருப்பு அல்ல அது. உள்ளே இன்னும் முகம் இருக்கிறது.

மர்லினை பிளாட்டினத்தில் அச்சிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமா? இல்லை என்றே நினைக்கிறேன். அந்த சீக்வின்களுக்கு வெள்ளியின் மினுக்கம் வேண்டும். பெரிய அளவுதான் உங்கள் மனதுக்குப் பிடிக்கும் என்றாலும் அவெடான் பக்கமே போங்கள். ஆளுயரத்துக்கு அச்சிட்டு எதிரே நிறுத்துவதில் அவருக்கு இணை இல்லை. பென்னின் பிளாட்டினம் கிட்ட நின்று தனியாகப் பார்ப்பதற்கு.

விலைக்கு வருவோம். நெகட்டிவ் எடுத்த சில ஆண்டுகளுக்குள் அச்சிட்ட ‘வின்டேஜ்’ பிரிண்டுக்கே மதிப்பு அதிகம் என்பது சந்தையின் பொது விதி. இந்த இருவரிடமும் அது அப்படியே செல்லாது. பென் 1948-ல் பெருவில் எடுத்த ‘குஸ்கோ குழந்தைகள்’ படத்தின் பிளாட்டினம் பிரிண்ட் ஒன்று 2008 ஏலத்தில் 5 லட்சம் டாலரைத் தாண்டியது, அச்சிட்டதோ படம் எடுத்துப் பல ஆண்டுகள் கழித்து. அவெடானின் ‘டோவிமாவும் யானைகளும்’ 1955-ல் எடுத்தது. 1978-ல் கண்காட்சிக்காகப் பெரிதாக அச்சிட்ட பிரிண்ட் 2010-ல் பாரிஸில் 8,41,000 யூரோவுக்குப் போனது. ஆகவே ‘பிற்கால அச்சு’ என்ற சொல்லைக் கண்டதும் ஒதுங்காதீர்கள். யார் மேற்பார்வையில், எந்த ஆண்டு, எத்தனை பிரதிகளுக்குள் அச்சிட்டது என்பதைப் பின்பக்கத்தில் உள்ள கையெழுத்து, எண், முத்திரைகளைக் கொண்டு பாருங்கள். போஸ்டர்கள் இந்தப் பேச்சிலேயே சேராது. அழகுக்கு மாட்டலாம், அவ்வளவுதான்.

பிரிண்டின் நிலைமையைச் சோதிப்பதும் ஆளுக்கு ஆள் மாறும். சில்வர் பிரிண்டைச் சாய்த்துப் பிடியுங்கள்; கரிய பகுதிகளின் ஓரத்தில் நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு தெரிந்தால் வெள்ளி மேலே வரத் தொடங்கிவிட்டது. பிளாட்டினத்தில் அந்தப் பயம் இல்லை. அங்கே தாளைத்தான் பார்க்க வேண்டும்: பழுப்பேறியிருக்கிறதா, மேற்பரப்பில் உராய்வு இருக்கிறதா, அலுமினியத்தின் மூலைகள் மடங்கியிருக்கின்றனவா என்று. பளபளப்பில்லாத பரப்பில் விழுந்த கீறலை மறைப்பது கடினம். மூலை மடங்கிய பென்னா, சுத்தமான அவெடானா என்று வந்தால், நான் அவெடானையே எடுப்பேன்.