ஹெல்மெட் 280 கிராம், கூரியர் கணக்குல மூணரை கிலோ: வெளிநாட்டுக் கடையா, சபுராளி பெட்டியா?

கீழக்கரைலேருந்து ஈசிஆர்ல ஏர்வாடி பக்கமோ, ராம்நாடு போய் மண்டபம் வழியா அரிச்சல்முனை வரைக்குமோ சைக்கிள் ஓட்டுற ஆளுங்களுக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு உப்புக் காத்து, இன்னொண்ணு சீமைக் கருவேல முள்ளு. முதல் வருசம் நான் ஒட்டின பஞ்சரை எண்ணியிருந்தா பேசாம கடையே போட்டிருக்கலாம். நம்ம ஊர் சைக்கிள் கடைல 26 இஞ்சு ட்யூப் எத்தனை வேணாலும் கிடைக்கும், ரோடு சைக்கிளுக்குப் போடுற 700க்கு 28 சைஸ் டயர்னு கேட்டா "அது என்ன மோட்டார் சைக்கிளா தம்பி"ம்பாங்க. அப்படித்தான் நான் வெளிநாட்டுக் கடைங்க பக்கம் போனது.

ரெண்டு வழியிலயும் வாங்கிப் பாத்துட்டேன். ஒண்ணு, இங்கிலாந்துக் கடைலேருந்து நேரா வீட்டுக்கு வரவச்சது. இன்னொண்ணு, துபாய்ல இருக்குற மச்சான் அங்கேயே வாங்கி ஊருக்கு வரும்போது பெட்டில கொண்டு வந்தது (வெளிநாட்டுல சம்பாதிக்கிறவங்களை எங்க ஊர்ல சபுராளிம்போம்). இந்தியக் கடைல வாங்குறது மூணாவது வழி, அதைக் கடைசியா ரெண்டு வரில சொல்லிடுறேன். என் ஓட்டு மச்சான் பெட்டிக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் ஒரு பக்கமா பேசுறான்னு சொல்லக்கூடாது.

பொருள் தரம், கலர், சாய்ஸ் இதெல்லாம் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுதான். துபாய்ல அல் குத்ரா, நாத் அல் ஷெபான்னு சைக்கிளுக்குன்னே ட்ராக் போட்டு வச்சிருக்கானுவ, அதனால நல்ல கடையும் இருக்கு. விலைப் பட்டியலப் பாத்தா இங்கிலாந்துக் கடைதான் சீப்பா தெரியும். அங்க போட்டிருக்குற விலைல 20 சதவீதம் வாட் உள்ளயே இருக்கு, வெளிநாட்டுக்கு அனுப்புற ஆர்டருன்னா அதை நிறைய கடைங்க கழிச்சிடுவாங்க. 120 பவுண்டுன்னு போட்டிருந்தது 100க்கு வரும். ஜெர்மனிக் கடைன்னா 19 சதவீதம். செக்அவுட்ல விலை குறையுறதைப் பாக்குறப்ப வர்ற சந்தோசம் இருக்கே, அதுலதான் நான் விழுந்தேன்.

விழுந்த கணக்கைச் சொல்றேன். 2022ல ஒரு ஹெல்மெட், ரெண்டு கான்டினென்டல் டயர், ஒரு ஜோடி ஷூ. வாட் கழிச்சு 9,600 ரூபா. ஷிப்பிங் 3,400. சரி, 13,000, பரவாயில்லன்னு கார்டைத் தேச்சேன். கார்டுக்காரன் வெளிநாட்டுப் பணம்னு மூணரை சதவீதம் போட்டு அதுக்கு மேல ஜிஎஸ்டியும் போட்டான், அது ஒரு 537. அப்புறம் ஆதார் அனுப்பு, கேஒய்சி முடின்னு மெசேஜ், அதுக்குப் பின்னாடி கஸ்டம்ஸ் டூட்டி அஞ்சாயிரத்து நானூத்துச் சொச்சம், அதை நமக்காக முன்பணமா கட்டுனதுக்குக் கூரியர்காரன் சார்ஜ் ஒரு அறுநூத்துச் சொச்சம். மொத்தமா பத்தொன்பதாயிரத்தைத் தாண்டிருச்சு. உம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் பத்தாயிரம்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.

இதுல பலபேர் கவனிக்காத விசயம் ஒண்ணு, இந்த அலசலே அதுக்காகத்தான். டூட்டி பொருள் விலைக்கு மட்டும் போடுறது இல்ல. பொருள் விலை, ஷிப்பிங், இன்சூரன்ஸ் மூணையும் கூட்டி அது மேலதான் போடுறாங்க. அதுலயும் முதல்ல சுங்க வரி, அது மேல சர்சார்ஜ், அதையெல்லாம் சேத்த தொகைக்கு ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடுற ஜிஎஸ்டி), அடுக்கடுக்கா. அப்ப என் 3,400 ரூபா ஷிப்பிங்குக்கு மட்டுமே டூட்டி 1,400க்கு மேல வந்திருக்கு. ஷிப்பிங் ஒரு ரூபா கூடுனா நம்ம பைலேருந்து போறது ஒண்ணே கால் ஒண்ணரை ரூபா. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், ஆர்டர் போடுற அன்னைக்கு என்னன்னு பாத்துக்கங்க, ஆனா கணக்குப் போடுற முறை இதுதான்.

சரி, ஷிப்பிங் ஏன் அவ்வளவு? ஹெல்மெட் எடை 280 கிராம்தான். ஆனா ஏர் கூரியர்காரன் தராசு மட்டும் பாக்க மாட்டான், பெட்டி எவ்வளவு எடத்தை அடைக்குதுன்னும் பாப்பான். நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுப்பான், அதுல வர்ற கிலோவும் நிஜ கிலோவும் எது பெருசோ அதுக்குத்தான் காசு. ஹெல்மெட் பெட்டி 35க்கு 25க்கு 20ன்னு வச்சுக்கங்க, 17,500, வகுத்தா மூணரை கிலோ. 280 கிராம் சாமானுக்கு மூணரை கிலோ கூலி! டயர்லயும் இதே கூத்து. மடிக்கிற டயர் ரெண்டு, 25க்கு 20க்கு 10 பொட்டலத்துல அடங்கிடும், சரியா ஒரு கிலோ. கம்பி வச்ச டயரை வட்டமாவே பெட்டில போட்டான்னா 65க்கு 65க்கு 8, ஆறே முக்கால் கிலோ கணக்கு வரும். முள்ளுக்குப் பயந்து ஷ்வால்பே மாரத்தான் ப்ளஸ் வாங்க நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க, அது கம்பி டயரு, கனமும் ஜாஸ்தி. அதனாலதான் நான் கான்டினென்டல்ல மடிக்கிற கேட்டர்ஸ்கின் டயர் பக்கம் போனேன்.

இப்ப மச்சான் பெட்டிக்கு வருவோம். அடுத்த வருசம் இதே மாதிரி ஹெல்மெட், டயர், ஷூ துபாய்ல வாங்கச் சொன்னேன். அங்க அஞ்சு சதவீத வாட்டோட 10,800 ரூபா கணக்கு வந்துச்சு, இங்கிலாந்து விலையை விட 1,200 ஜாஸ்திதான். ஆனா அதோட முடிஞ்சுது. ஷிப்பிங் இல்ல, கார்டு சார்ஜ் இல்ல, கூரியர்காரன் மெசேஜ் இல்ல. வெளிநாட்டுலேருந்து வர்ற ஒரு ஆளுக்கு 2016 பேகேஜ் ரூல்ஸ்படி 50,000 ரூபா வரைக்கும் அப்ப டூட்டி இல்லாம இருந்துச்சு, அதுக்கு மேல போனா மிச்சத்துக்கு 38.5 சதவீதம். இதுவும் மாறக்கூடியதுதான், கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க. ஆனா அந்தச் சலுகை உங்க சைக்கிள் சாமானுக்கு மட்டும் இல்ல, மச்சான் ராத்தாவுக்கு (என் அக்காவுக்கு) வாங்குன வாட்ச்சு, புள்ளைங்களுக்கு வாங்குன டேப்லெட் எல்லாம் சேத்துத்தான். பில்லை எடுத்து வரச் சொல்லுங்க, கேட்டா காட்டலாம், டேக்கைப் பிச்சுப் போட்டு பழசுன்னு சொல்ற வேலையெல்லாம் வேணாம், அந்த மனுசன் ஏர்போர்ட்ல நின்னு வேர்க்கணும்.

கூலின்னு பாத்தா, திரும்பிப் போகும்போது ரெண்டு கிலோ தொதல் (எங்க ஊர் அல்வா), கொஞ்சம் நெத்திலிக் கருவாடு. அதையும் சேத்தாக்கூட பதிமூணாயிரத்தைத் தொடல.

பெட்டில எப்படி வைக்கிறதுன்னும் சொல்லிடுறேன், முதல் தடவை ஹெல்மெட்டைப் பெரிய பெட்டில டாங் டப்பாவுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவுல சொருகிட்டாரு, நல்ல நேரம் ஒண்ணும் ஆகல. ஹெல்மெட் உள்ள இருக்குற தெர்மாகோல் மாதிரி சமாச்சாரம் ஒரு தடவை அடி வாங்கிட்டா வெளிய தெரியாமலே விரிசல் விட்டிருக்கும், அதனால கைப்பைல கட்டித் தொங்கவிட்டு வர்றதுதான் சரி. லைட்டு, ஜிபிஎஸ் மாதிரி பேட்டரி சாமானும் கைப்பைலதான். ஷூவுக்குள்ள ஜெர்சியைச் சுருட்டி வச்சா எடம் மிச்சம். காத்தடிக்கிற சிஓ2 சிலிண்டரைக் கேக்கவே கேக்காதீங்க, ஏர்போர்ட்ல எடுத்து வச்சிடுவான்.

மச்சான் பெட்டில குறை இல்லையான்னா இருக்கு. மனுசன் வருசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு. 30 கிலோ பெட்டிக்கு மொத்தத் தெருவே லிஸ்ட் குடுத்திருக்கும், "மாப்ளே, உன் டயரை வச்சா ஒன் ராத்தா சாமானை எங்க வைக்கிறது"ன்னு ஒரு போன் கண்டிப்பா வரும். ஜிபிஎஸ் மாதிரி விலை கூடுன எலக்ட்ரானிக் சாமானுக்கு வாரண்டி இங்க செல்லுமான்னு முன்னாடியே கேட்டுக்கணும், நான் அந்த மாதிரி ஒண்ணும் வாங்கினதில்ல.

ஆனா சைஸ் தப்பா போனா? இதுலயும் பெட்டிதான் ஜெயிக்குது. இங்கிலாந்துலேருந்து வந்த ஷூ கால்ல ஏறல. திருப்பி அனுப்புற செலவு நம்ம தலைல, கட்டுன டூட்டி போனது போனதுதான்னு விட்டுட்டேன். இப்ப அதை ராத்தா மகன் போட்டுக்கிட்டு டியூசனுக்குப் போறான். துபாய்ல மச்சான் கடைக்குப் போய் வீடியோ கால்ல பேசுனாரு, என் பாதத்தை ஸ்கேல்ல அளந்து மில்லிமீட்டர்ல சொன்னேன், ஒண்ணு பெருசா எடுத்தாரு, கச்சிதம்.

குல்ஃப்ல ஆள் இல்லாதவங்க என்ன பண்றது? சின்ன சாமானா இருந்தா கூரியரை விட்டுட்டு சாதா தபால்ல அனுப்புற கடையாப் பாருங்க. ரெண்டு கிலோவுக்குள்ள இருக்குற சின்னப் பொட்டலம்னா எடைக்குத்தான் காசு, எடத்துக்கு இல்ல. சென்னை ஃபாரின் போஸ்ட் ஆபீஸ் வழியா வரும், டூட்டி இருந்தா தபால்காரர் வாசல்ல வாங்கிக்குவாரு. எனக்கு ஒரு ஜோடி க்ளீட் (ஷூ அடில மாட்டி பெடலைக் கவ்வுற துண்டு) அஞ்சு வாரம் கழிச்சு வந்துச்சு, வந்தப்ப என்ன ஆர்டர் போட்டோம்னே மறந்து போச்சு. ஆர்டரைத் துண்டு துண்டா போடாம நாலு பேர் சேந்து போட்டா ஷிப்பிங் பங்கு குறையும்னு சொல்வாங்க, குறையும்தான், ஆனா பெட்டி பெருசாகும், மேல சொன்ன பெருக்கல் கணக்கைப் போட்டுப் பாத்துட்டு சேருங்க. பணம் கட்டுறப்ப "ரூபாய்லயே கட்டலாம்"னு ஒரு பட்டன் காட்டும், அதைத் தொடாதீங்க, அவன் போடுற ரேட்டு நம்ம பேங்க் ரேட்டை விட மோசமாத்தான் இருக்கும். கிஃப்டுன்னு எழுதி அனுப்பச் சொல்ற ஐடியாவும் வேணாம், 5,000 ரூபா கிஃப்ட் சலுகையை 2019 டிசம்பர்லயே எடுத்துட்டாங்க.

இந்தியக் கடையைப் பத்தி: செயின், பிரேக் பேட், கேபிள், ட்யூப் இதுக்கெல்லாம் வெளிநாட்டுப் பக்கமே போகாதீங்க. தனுஷ்கோடி ரோட்டுல மண்ணும் உப்பும் சேந்து வந்து செயின்ல உக்காந்துச்சுன்னா, வீட்டுக்கு வந்த அன்னைக்கே கழுவித் துடைச்சு எண்ணெய் போடலைன்னா ரெண்டு நாள்ல சிவந்துடும். அடிக்கடி மாத்துற சாமானுக்கு அஞ்சு வாரம் காத்திருக்க முடியாது. பெங்களூர்க் கடைல ஆர்டர் போட்டா நாலு நாள்ல வீட்டுக்கு வருது, அவ்வளவு போதும்.

மச்சான் நோன்புப் பெருநாளைக்கு வர்றாரு. டயர் ரெண்டு, கையுறை ஒண்ணு, பின்னாடி லைட்டு ஒண்ணுன்னு லிஸ்ட் அனுப்பிட்டேன், கடையோட லொகேசனும் சேத்து. நேத்து ராத்திரி அனுப்புனது, இன்னும் ப்ளூ டிக் விழல. தொதல் ரெண்டு கிலோவா மூணு கிலோவான்னு கேட்டு இன்னொரு மெசேஜ் போட்டுப் பாக்கணும்.