காற்று மெத்தை, நாலுகால் குச்சி, ஒட்டும் வேட்டி: அப்பாவோடு மூன்று வருடம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போனது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தூக்கத்தில் வந்ததால் எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வீட்டுக்குக் கூட்டி வந்ததும் பயத்தில் கண்டதையெல்லாம் வாங்கினோம்.

படுக்கைப் புண் வராமலிருக்க வாங்கிய, மோட்டாரில் இயங்கும் காற்று மெத்தை முதல் இரண்டு மாதம் உதவியது. மெத்தை இருக்கிறதே என்று விடாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியும் படுக்க வைத்தோம். புண் வரவில்லை. ஏழாம் மாதம் மோட்டார் நின்றுவிட்டது. அதற்குள் அப்பா எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தார். வாடகைக்கு எடுத்திருந்தாலே போதும்.

நாலுகால் குச்சிதான் இன்றுவரை கூட வருகிறது. பலம் இல்லாத பக்கம்தானே தாங்கல் வேண்டும் என்று வலது பக்கம் வைத்தோம். அது தவறு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர்தான் திருத்தினார்: நல்ல கையில் பிடிக்க வேண்டும், முதலில் குச்சி, பிறகு வலது கால், அப்புறம் இடது கால். குறுகலான படியில் நான்கு காலும் உட்காராது, அங்கே கைப்பிடிச் சுவர்தான். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்ததைக் கவனிக்காமல் ஒருநாள் குளியலறையில் வழுக்கிவிட்டார். நல்லவேளை, அம்மா பக்கத்தில் இருந்தார். இப்போது மாதாமாதம் குச்சியைத் திருப்பிப் பார்க்கிறேன்.

வேட்டியை ஒரு கையால் கட்ட முடியாது. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி வாங்கிக் கொடுத்தோம். தானே கட்டிய அன்று அப்பா கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். சட்டை போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

பேச்சுக்காக வாங்கிய பட அட்டையை அவர் சீண்டவே இல்லை. அவருடைய சொம்பு, மின்விசிறி, விபூதித் தட்டு என்று வீட்டுப் பொருள்களையே போனில் படமெடுத்து அச்சிட்டு ஒட்டினேன். மறுநாளே விரல் வைத்துக் காட்டினார். பார்க்க வருகிறவர்கள் காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்தாதீர்கள், தயவுசெய்து. அவருக்கு எல்லாம் புரிகிறது. சொல்தான் வர மறுக்கிறது.

தாமதமாக வாங்கி வருந்தியது இடுப்புப் பட்டை. அப்பாவின் இடுப்பில் கட்டி, அதைப் பிடித்து அவரை எழுப்புவதற்கானது. அதற்கு முன் அப்பாவின் வலது கையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினோம். தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தோள்வலி, தூக்கித் தூக்கி அம்மாவுக்கு முதுகுவலி. பட்டை கட்டிய பிறகு இரண்டுமே குறைந்தன.

அம்மா வலியை வாய்விட்டுச் சொல்லவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது ஞாயிறு மதியம் முழுக்க நான் அப்பாவோடு இருக்கிறேன். அம்மா சித்தி வீட்டுக்குப் போய்வருகிறார். சொம்பின் பெயருக்கு இன்னமும் திணறும் அப்பா, வாசல்வரை வந்து இடது கையை ஆட்டி, "போய்ட்டு வா" என்று தடுமாறாமல் சொல்கிறார்.