ரொக்கமா, ஜிபேயா: கொங்கு நாட்டில் எதற்கு எது?

ஜிபே போன்ற செயலிகளில் போன் வழியே பணம் அனுப்ப உதவும் யுபிஐ 2016-ல் வந்தது. இன்று இளநீர் வண்டியிலும் ஸ்கேனர் அட்டை தொங்குகிறது. அப்படியும் நோட்டு ஏன் போகவில்லை என்றால், "நம்ம ஆளுகளுக்கு இன்னும் பழகலை" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது ஏற்பில்லை. யார், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

டீ, காய், பஸ் நிலையச் செலவுக்கு ஜிபேதான் மேல். சில்லறைத் தொல்லை இல்லை, கடைக்காரருக்கும் கட்டணப் பிடித்தம் இல்லை.

மாட்டுச் சந்தையில் கதை வேறு. பொள்ளாச்சியிலும் ஈரோடு கருங்கல்பாளையத்திலும் விலை படிந்ததும் மாடு கைமாறி வண்டி ஏறிவிடும். யுபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நாளில் அனுப்ப பொதுவாக 1 லட்சம் ரூபாய்தான் வரம்பு. நாலைந்து உருப்படி பிடிக்கும் கேரள வியாபாரிக்கு அது எங்கே பத்தும்? பணம் நடுவழியில் நின்றுவிட்டால், முன்பின் தெரியாதவரை விற்றவர் எங்கே போய்த் தேடுவார்? எண்ணி வாங்கிய நோட்டில் அந்தப் பயம் இல்லை. ஆனால் தேர்தல் விதிகள் அமலில் இருந்தால் ரொக்கமே வினையாகும். ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துவிடும். மாடு விற்ற விவசாயி எந்த பில்லைக் காட்டுவார்?

கூடுதலாக யோசிக்க வேண்டியது திருப்பூரின் சனிக்கிழமை வாரச் சம்பளத்தை. ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிக்கு வங்கிக் கணக்கில் வருவதே நல்லது. அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடலாம், வாங்கியதற்கும் சாட்சி இருக்கும். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் உள்ளூர் அக்காவுக்கு அதே கணக்கு சிக்கலாகலாம். கடன் இருந்தால், பணம் விழுந்ததும் தவணையை வங்கியில் தானாக எடுத்துக்கொள்ளலாம். போனும் ஏடிஎம் கார்டும் வீட்டுக்காரர் கையில் இருந்தால் மிச்சமும் அவர் சொன்னபடிதான். கையில் வாங்கினால் மளிகைக்கு இவ்வளவு, குழுக் கடனுக்கு இவ்வளவு, பிள்ளை பீஸுக்கு இவ்வளவு என்று அந்த அக்காவே பிரித்து வைப்பார். உழைத்த பணத்தில் எதை முதலில் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை பெரியது. அதை வசதி என்ற பெயரில் பிடுங்கக் கூடாது.

ரொக்கச் சம்பளத்தின் குறை, சாட்சி இல்லாததுதான். பின்னால் போனஸ், பிஎஃப் என்று கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது. ஆகவே கையில் வாங்குகிறவர்கள் வாராவாரம் கம்பெனி கையெழுத்தோடு சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனிக்காரர்களும் கணக்கா, கையா என்று தொழிலாளியையே கேளுங்கள். அதுவும் அவரைத் தனியாக.