டிஸ்க்கைக் கடைவதா, மாற்றுவதா? 1,12,000 கிலோமீட்டர் ஓட்டியபின் எழுதுகிறேன்

பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்கியதால், என் காரின் முன்சக்கர பிரேக் டிஸ்க்குகளை ஒருமுறை லேத்தில் கடைந்தேன், அதாவது சுழலவிட்டு முகத்தைச் சீவிச் சமமாக்கினேன். நடுக்கம் திரும்பி வந்தது. அடுத்த முறை புதிய டிஸ்க்குகளையே போட்டேன். அதற்கும் நடுக்கம் வந்தது. மூன்றாவது முறை, அந்தப் புதிய டிஸ்க்குகளை மெல்லியதாகக் கடைந்து மாட்டினோம். அதன்பின் 60,000 கி.மீ. ஓடியிருக்கிறது, ஸ்டீயரிங் ஒருமுறைகூட நடுங்கவில்லை. கடைவது சிறந்ததா, மாற்றுவது சிறந்ததா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒற்றைச் சொல்லில் பதில் இல்லாததற்கு இதுதான் காரணம்.

முதல் நடுக்கம் 38,000 கி.மீ.யில் தொடங்கியது. நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக்கை மெதுவாக மிதித்தால் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறும், பெடல் காலுக்கடியில் துடிக்கும். பார்த்த மெக்கானிக், "டிஸ்க் வளைந்துவிட்டது, கடைந்தால் சரியாகிவிடும்" என்றார். எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று அவரும் அளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைந்து மாட்டினார்கள். அன்றைக்கு வண்டி வெண்ணெயாக நின்றது. 5,000 கி.மீ. போவதற்குள் பழைய உதறல் அப்படியே வந்துவிட்டது. இம்முறை தடிமனை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தபோது 20.3 மி.மீ.தான் மிச்சம். என் வண்டியின் டிஸ்க் புதிதாக இருக்கும்போது 22 மி.மீ.; இதற்குக் கீழே போகக்கூடாது என்று நிறுவனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் அளவு 20. மறுபடி கடைய இடமில்லை. 43,000 கி.மீ.யில் இரண்டு பக்கமும் புதிய டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கும் புதிய பேட். தொல்லை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

52,000 கி.மீ.யில் மீண்டும் அதே துடிப்பு.

இம்முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மாட்டியவுடனே நடுங்கியதா, கொஞ்ச நாள் கழித்தா?" என்பது. பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் என்றேன். உடனே டிஸ்க்கை நட் போட்டு, சக்கரத்தின் நடுவில் அதைத் தாங்கும் ஹப்பில் இறுக்கி, சிறு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை டிஸ்க்கின் முகத்தில் வைத்துச் சுற்றினார். இடது பக்கம் 0.14 மி.மீ. ஆட்டம். டிஸ்க்கைக் கழற்றினால், அது உட்காரும் ஹப் முகத்தில் துரு மேடு கட்டியிருந்தது. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்துத் தேய்த்து, அதே டிஸ்க்கை மாட்டி மறுபடி அளந்தார். 0.03 மி.மீ. பழுது இத்தனை நாளும் டிஸ்க்குக்குப் பின்னால் இருந்திருக்கிறது. நாங்கள் டிஸ்க்கையே மாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

டிஸ்க் கோணலாக உட்கார்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை உரசிக்கொண்டே போகும், பிரேக் மிதிக்காதபோதும். அந்த உரசலில் அந்த இடம் மட்டும் துளித்துளியாகத் தேய்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. நூறில் இரண்டு மூன்று பங்கு மில்லிமீட்டர் வேறுபாடே பெடலைத் துடிக்க வைக்கப் போதும். 'வளைந்த டிஸ்க்' என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை உண்மையில் வளைந்தவை அல்ல, தடிமன் மாறியவை. கடைந்தால் தடிமன் சமமாகும். ஹப் முகம் கோணலாகவே இருந்தால் தேய்மானம் மறுநாளே தொடங்கிவிடும். புதிய டிஸ்க்குக்கும் இதே கதிதான். வீல் நட்டுகளை ஏர் கன்னால் தாறுமாறாக இறுக்குவதும் இதே கோணலைக் கொண்டுவரும். அதனால் இப்போதெல்லாம் பஞ்சர் ஒட்டிய பிறகுகூட, நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து நானே இறுக்குகிறேன்.

என் டிஸ்க்குகள் அப்போது 21.7 மி.மீ. இருந்தன. பக்கத்துக்கு 0.1 மி.மீ. எடுத்தாலே சமமாகிவிடும் என்று அவர் கணக்குச் சொன்னார். எனவே கடைந்தோம். அவருடைய லேத் வேலையையும் சொல்ல வேண்டும். கூர் மழுங்கிய டூலை வைத்து வேகமாக ஓட்டினால் டிஸ்க்கில் திருகாணி மரை போல ஒரு சுருள் கோடு விழும்; பேட் அதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, பிரேக் மிதிக்கும்போதெல்லாம் 'டிக் டிக்' என்று தட்டும். என் முதல் கடைசலில் அந்தச் சத்தம் இருந்தது. அதன் பொருள் எனக்கு அப்போது தெரியவில்லை. இவர் கடைசிச் சுற்றை மிக மெதுவாக ஓட்டி, உப்புத்தாள் பிடித்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தார். கடைந்த இரும்புத்தூள் டிஸ்க்கின் நுண்துளைகளில் தங்கினால் புதிய பேடுக்குள் போய்ப் பதிந்துவிடும் என்றார். புதிய பேட் மாட்டியதும், வேகத்திலிருந்து முழுவதும் நிறுத்தாமல் மெதுவாகக் குறைத்துக் குறைத்துப் பத்துமுறைக்கு மேல் மிதித்துப் பழக்கினோம்.

எல்லா டிஸ்க்கும் கடையத் தகுந்தது அல்ல. என் அக்காள் கணவரின் வேன் நீண்ட மலைச்சாலையில் பாரத்தோடு இறங்கி, டிஸ்க் முகமெல்லாம் நீலத்திட்டுகள். கடைந்தார்கள், மூன்றே வாரத்தில் நடுக்கம். சூட்டில் இறுகிப்போன அந்தத் திட்டுகள் மேற்பரப்போடு நிற்பதில்லை, உள்ளேயும் இறங்கியிருக்கும். மேலே சமமாக்கினாலும் சுற்றியுள்ள இரும்பு தேய, கடினமான இடம் மறுபடி மேடாக நிற்கும். அவரிடம் நான் மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை. நடுக்கம் திரும்பிய பிறகுதான் என் பேச்சைக் கேட்டார். விரிசல் இருந்தாலும், காற்றுப்பள்ளங்களைத் துரு தின்றிருந்தாலும் அதே முடிவுதான். மோட்டார் சைக்கிள் டிஸ்க்கைக் கடைய வேண்டாம். ஏற்கெனவே சில மில்லிமீட்டர்தான், எடுப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

தடிமன் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். டிஸ்க் என்பது வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இரும்பு. இரும்பு குறைந்தால் அதே பிரேக்குக்கு அதிகமாகச் சூடேறும். ஓரத்தில் தேயாத விளிம்பு நிற்பதால் வெர்னியர் வைத்து அளந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மைக்ரோமீட்டரில், சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்களை எழுதித் தரும் பட்டறை கிடைத்தால் விடாதீர்கள்.

82,000 கி.மீ.யில் பேட் மட்டும் மாற்றினேன். பேடுகளை அழுத்தும் காலிப்பரின் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டோம். இன்று 1,12,000. பேட் மீண்டும் முடிந்துவிட்டது. டிஸ்க் 20.4 மி.மீ. நடுக்கம் இல்லை, முகம் கண்ணாடி போல இருக்கிறது, இன்னும் 20-க்கு மேலேதான் நிற்கிறது. ஆனால் இந்த 60,000 கி.மீ.யில் 1.1 மி.மீ. தேய்ந்திருக்கிறது. அடுத்த பேட் முடிவதற்குள் 20-ஐத் தாண்டிக் கீழே போய்விடும். எனவே இந்த முறை புதிய டிஸ்க். பெட்டி வந்துவிட்டது, பாதுகாப்புக்காக டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயைக் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறோம், முதலில் ஹப் முகத்தைத் தேய்த்துவிட்டு.