காசில்லாமல் சிரிக்க: மீவாட்சில் ஒளிவழி 5-இன் பழைய நகைச்சுவைத் தொடர்கள்

சிங்கப்பூர் வாடை அடிக்கும் ஆங்கில நகைச்சுவை வேண்டுமென்றால் மாதாமாதம் வெள்ளி கட்டத் தேவையில்லை. இணையத்தில் நிகழ்ச்சி பார்க்கும் தளமான மீவாட்சுக்குள் போய், நம் ஆங்கிலத் தொலைக்காட்சியான ஒளிவழி 5-இன் பழைய தொடர்களைத் தேடுங்கள். நடுநடுவே விளம்பரம் வரும். இலவசமாகக் கிடைப்பதற்கு அந்த விலை பரவாயில்லை.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் காமெடி சென்ட்ரல் ஓடிக்கொண்டே இருக்கும். 1991-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒளிவழி அது. 2012-இல் ஆசியாவுக்கென்று தனிப்பதிப்பு வந்தபோது இங்கே கட்டணத் தொலைக்காட்சியான ஸ்டார்ஹப்பில் கிடைத்தது. சவுத் பார்க், டெய்லி ஷோ என்று முக்கால்வாசி அமெரிக்கச் சரக்குதான். 2016-இல் ஸ்டாண்ட்-அப் ஏஷியா என்று ஆரம்பித்து நம் வட்டாரத்துக் கலைஞர்களையும் மேடை ஏற்றினார்கள். ஆட்கள் திறமைசாலிகள், குறை சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில். எல்லா மாடியிலும் நிற்காத பழைய வீவக (அரசு அடுக்குமாடி) லிஃப்ட்டைப் பற்றி ஒருவர் பேச வேண்டுமானால், மணிலாவில் பார்க்கிறவருக்கும் மும்பையில் பார்க்கிறவருக்கும் முதலில் அந்த லிஃப்ட்டையே விளக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிப்போகும். ஜோகூர் பாருவில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த ரோனி சியெங் 2015-இல் டெய்லி ஷோவில் சேர்ந்ததும் நான் விழுந்து விழுந்து பார்த்தேன். வரிசையில் யாரோ நடுவில் புகுந்துவிட்டது போன்ற அந்தக் கடுகடுப்பு அச்சு அசல் நம்ம ஊர். ஆனால் அவர் திட்டுவது என்னவோ அமெரிக்காவை.

ஒளிவழி 5-இன் வீடு புதுப்பிக்கும் கான்ட்ராக்டர் புவா சூ காங்குக்கு இந்தத் தொல்லையே கிடையாது. யாருக்கும் எதையும் விளக்காத ஆள். அவர் பெயரிலேயே 1997 முதல் 2007 வரை ஓடிய தொடர். சுருட்டை முடி, கன்னத்தில் பெரிய மரு, மஞ்சள் பூட்ஸ், நீளமாக வளர்த்த சுண்டு விரல் நகம். அந்த நகத்தைக் கவனித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் முன்னால் சுவரைக் காட்டும்போதும், பணத்தை எண்ணும்போதும், தம்பியை அதட்டும்போதும் அந்த விரல் மட்டும் தனியாகத் தெரியும். வீடு புதுப்பிக்க ஆள் வைத்தவர்களுக்கு இந்த மனிதரைத் தெரியும். "ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய், சமையலறையில் பாதி ஓடு பதித்த நிலையில் காணாமல் போவாரே, அவரேதான். அந்த வேஷம் போட்ட குர்மித் சிங்கின் அப்பா சீக்கியர். குர்மித் ஒரு சீனக் கான்ட்ராக்டராக நடித்ததைப் பார்த்து நாடே நம்பியது. இப்போது பார்க்கும்போதும் எனக்கு அது நடிப்பு என்று தோன்றவில்லை.

தொடரின் உயிர் கான்ட்ராக்ட் தொழிலில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. தம்பி சூ பெங் படித்தவர், கட்டடக் கலைஞர். அவர் மனைவி மார்கரெட் நுனிநாக்கு ஆங்கிலம். அண்ணி ரோசிக்கு வாய் நீளம், மனசு வெள்ளை. ஒரே வீட்டில் இரண்டு ஓரகத்திகள், மேலே ஒரு மாமியார். என் அம்மா தோ பாயோவில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆங்கிலச் செய்தி என்றால் எழுந்து போய்விடுவார், ஆனால் நம்ம ஊர்க் கலப்பு ஆங்கிலமான சிங்கிலிஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரோசியும் மார்கரெட்டும் முறைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது உன் பெரியம்மா வீட்டுக் கதையாச்சே" என்றார். அதற்கப்புறம் தமிழ் ஒளிவழியான வசந்தத்தில் தொடர் ஓடும் நேரம் மட்டுமல்ல, மற்ற நேரமெல்லாமும் ரிமோட் அவர் கையில்.

இந்தத் தொடருக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1999 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் டோங், பிள்ளைகள் புவா சூ காங்கைப் போலப் பேசுகிறார்களே என்று கவலைப்பட்டு, அவரை ஆங்கில வகுப்புக்கு அனுப்பலாம் என்றார். அடுத்த ஆண்டே நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் வந்தது. அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருந்த எங்களுக்கு ஒரே குஷி. ஆசிரியர் முன்னால் ஒரு ஆங்கிலம், கேண்டீனில் புவா சூ காங் ஆங்கிலம். 2003-இல் சார்ஸ் நோய்த்தொற்று வந்தது. ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி ராப் பாட யாரைப் பிடித்தார்கள்? இதே மஞ்சள் பூட்ஸ்காரரைத்தான்! திருந்த வேண்டியவர் நாலே வருஷத்தில் ஊருக்குப் புத்தி சொல்பவர் ஆகிவிட்டார். தொடருக்குள் வந்த எந்த நகைச்சுவையையும்விட எனக்கு இதுதான் பிடிக்கும். முதல் சீசன்களில் இருந்த வேகம் கடைசியில் இல்லை. அங்கே வந்ததும் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

அண்டர் ஒன் ரூஃப் அதற்கும் மூத்தது, 1995-இல் வந்தது. பீஷான் வீவக வீட்டில் ஒரு டான் குடும்பம், பக்கத்தில் யூசோப், ரோஸ்னா என்று மலாய்க் குடும்பம். மோசஸ் லிம் நடித்த அப்பா, எதற்கெடுத்தாலும் சீன தேசத்துப் பழங்கதை ஒன்றை இழுத்து உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் நெளிவார்கள். சோபா உறையும் தொலைபேசியும் கண்ணில் படும்போது ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. சிரிப்பு கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். துணி மடித்துக்கொண்டே பார்க்கலாம்.

2007-இல் தொடங்கிய தி நூஸ் வேறு ரகம். செய்தி அறிக்கையைக் கேலி செய்யும் நிகழ்ச்சி. சுவா என்லாய், சுஹைமி யூசோப், மிஷெல் சோங், அலாரிக் டே என்று ஒருவரே பல வேஷம் போடுவார்கள். 2011-இல் அனைத்துலக எம்மி விருதுக்கு நகைச்சுவைப் பிரிவில் முன்மொழியப்பட்டது. மூன்றில் கூர்மையானது இதுதான். மிஷெல் சோங் வெள்ளைக்காரத் தொனியை வரவழைத்துப் பேசும் செய்தியாளராக வந்தால், நம் அலுவலகத்தில் அப்படிப் பேசுகிற ஒருவர் முகம் கண்டிப்பாக நினைவுக்கு வரும். அதே மிஷெல் பிலிப்பினோ பணிப்பெண்ணாகவும் சீனாவிலிருந்து வந்த பெண்ணாகவும் வரும் காட்சிகளில் என் சிரிப்பு இப்போது பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது நின்றதில்லை. மேலே இருப்பவர் தொனியைக் கிண்டல் செய்வதும் வீட்டு வேலைக்கு வந்தவர் தொனியைக் கிண்டல் செய்வதும் ஒன்றா? அம்மாவிடம் கேட்டேன். "நானும் அப்படித்தான் பேசுறேன், போடி" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்த மூன்றிலும் ஒரு தமிழ்க் குடும்பம் நடுவீட்டில் உட்காரவே இல்லை. அப்பளம் பொரிகிற சமையலறை, சாமி மாடம், ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கிப் போகும் அத்தை, தேக்காச் சந்தையில் வாழையிலைக்கு நடக்கும் பேரம் என்று எவ்வளவு இருக்கிறது! ஓரகத்திச் சண்டையில் எங்களை அடித்துக்கொள்ள ஆளுண்டா? தமிழில் வசந்தம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பார்க்கிறோம். ஆனால் மகனோடு ஆங்கிலம், அம்மாவோடு தமிழ், பக்கத்து வீட்டு மக்சிக்கோடு மலாய் என்று ஒரே மூச்சில் மாறி மாறிப் பேசும் எங்கள் வீட்டுச் சத்தத்துக்கு, தமிழ் ஒளிவழி, ஆங்கில ஒளிவழி இரண்டும் பத்தாது. மேடை நகைச்சுவைக் கலைஞர் குமார் இதைச் செய்கிறார். ஆனால் அவர் பேசுவதில் பாதியைச் சின்னத்திரையில் போட முடியாது, அது அவருக்கும் தெரியும்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் புவா சூ காங்கின் முதல் சீசனை எடுங்கள், ரோசி எப்போது வாயைத் திறந்தாலும் சத்தத்தைக் கூட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். தி நூஸை மட்டும் சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள், பல காட்சிகளுக்கு அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது.