எல்ட்ரோம்போபாக் மாத்திரையுடன் சில ஆண்டுகள்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

நாள்பட்ட ஐ.டி.பி. என்னும் தட்டணு (பிளேட்லெட்) குறைபாட்டுக்காக எல்ட்ரோம்போபாக் மாத்திரையைச் சில ஆண்டுகளாக உட்கொண்டு வருகிறேன். ‘ரெவோலேட்’ என்ற பெயரில் தொடங்கி, இப்போது அதே மருந்தை இந்திய நிறுவனமொன்றின் தயாரிப்பாக வாங்குகிறேன். இது நோயை வேரறுக்கும் மருந்தன்று. இரத்தக் கசிவு நேராத அளவுக்குத் தட்டணுக்களை உயர்த்தி, அந்த நிலையில் தாங்கிப் பிடிக்கிறது. அதற்கு ஈடாக நம் சாப்பாட்டு வேளைகளைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளச் சொல்கிறது.

நம் ஊரில் பிளேட்லெட் குறைந்துவிட்டது என்றதும் எல்லோருக்கும் டெங்குதான் நினைவுக்கு வருகிறது. பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கசாயமும் வீடு தேடி வருகின்றன. டெங்குவில் குறையும் தட்டணுக்கள் காய்ச்சல் தணிந்த சில நாட்களில் தாமாகவே ஏறிவிடும். ஐ.டி.பி.யில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தட்டணுக்களைப் பகையாகக் கருதி, பெரும்பாலும் மண்ணீரலில் வைத்து அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையும் அந்த இழப்புக்கு ஈடாக உற்பத்தி செய்வதில்லை. ஓராண்டைக் கடந்தும் நீடித்தால் அது நாள்பட்ட வகை. இயல்பான எண்ணிக்கை ஒன்றரை இலட்சம் முதல் நான்கரை இலட்சம் வரை இருக்க, எனக்கு அது பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியபோதுதான் கால்களில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் தோன்றின; பல் துலக்கினாலே ஈறுகளில் இரத்தம் கசிந்தது.

முதலில் கொடுக்கப்பட்டது பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து. எண்ணிக்கை விரைவாக ஏறியது. ஆனால் மருந்தின் அளவைக் குறைக்கக் குறைக்க அதுவும் இறங்கியது. இடையில் உறக்கம் கெட்டது, முகம் உப்பியது, அடங்காத பசியும் கூடவே இரத்தச் சர்க்கரையும் வந்து சேர்ந்தன. அதன் பிறகு நோயெதிர்ப்பை ஒடுக்கும் ரிட்டுக்ஸிமாப், மண்ணீரல் அகற்றும் அறுவை, வாரந்தோறும் தோலுக்கடியில் போடும் ரோமிப்ளோஸ்டிம் ஊசி, இந்த மாத்திரை என நான்கு வழிகளை இரத்தவியல் மருத்துவர் விளக்கினார். நோயெதிர்ப்புச் சக்தியை மேலும் ஒடுக்காமல், மஜ்ஜையைத் தூண்டி உற்பத்தியைப் பெருக்குவது என்ற காரணத்தால் மாத்திரையைத் தேர்ந்தேன். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் பெற்ற மருந்து என்பதும் ஓரளவு தைரியம் தந்தது.

வழக்கமான தொடக்க அளவு நாளொன்றுக்கு 50 மி.கி.; உச்ச அளவு 75 மி.கி. விழுங்குவதில் சிரமமேதும் இல்லை. சிரமமெல்லாம் கால்சியத்தில்தான் இருக்கிறது. பால், தயிர், இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான அமில நீக்கி ஆகியவற்றிலுள்ள உலோக அயனிகள் இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்சவிடாமல் தடுத்துவிடுகின்றன. எனவே அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் பின்போதான் இதை உட்கொள்ள வேண்டும். காலையில் காபி, மதியம் மோர், மாலையில் மீண்டும் காபி என்று ஓடும் ஒரு தமிழ் வீட்டில் அந்த ஆறு மணி நேர இடைவெளி எங்கே கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது இரவில். மாலைக் காபியோடு பால் பொருட்களை முடித்துக்கொண்டு, இரவு உணவைத் தக்காளிச் சட்னியோடு இட்லி அல்லது தோசையாக முன்னதாகவே அமைத்து, படுக்கும் முன் மாத்திரை என்று வகுத்த பிறகு எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் கணிசமாகக் குறைந்தது. கேழ்வரகிலும் எள்ளிலும் கால்சியம் மிகுதி என்பதால் அவையும் பகலுக்கு மாறின. இரவுத் தயிர்ச் சோறு போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பலன் ஓரிரு வாரங்களில் தெரியத் தொடங்கியது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: சிகிச்சையின் இலக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் நிற்பதே தவிர, ஒன்றரை இலட்சத்தை எட்டுவதன்று. எண்பதாயிரம் என்ற முடிவைப் பரிசோதனைக்கூடம் ‘குறைவு’ என்று தடித்த எழுத்தில் அச்சிடும்போது உறவினர்கள் பதறுவார்கள். மருத்துவர் அதே அளவைத் தொடரச் சொல்லிவிடுவார். இரண்டு இலட்சத்தைத் தாண்டினால் அவரே அளவைக் குறைப்பார், ஏனெனில் இரத்தக் குழாய்களில் கட்டி உறையும் ஆபத்து இந்த மருந்துக்கு உண்டு.

கல்லீரலுக்கும் சுமை உண்டு. அளவைச் சரிசெய்யும் காலத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறையும், பிறகு மாதந்தோறும் கல்லீரல் நொதிகளையும் பிலிரூபினையும் பார்க்க வேண்டும். செம்பழுப்பு நிறமுடைய இந்த மருந்து இரத்தத்தின் தெளிநீருக்கே நிறமேற்றி, சில பரிசோதனை முறைகளில் பிலிரூபின் அளவைத் தவறாகக் காட்டக்கூடும். ஆகவே இரத்தம் கொடுக்கும்போதே மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லிவிடுகிறேன். கண்புரைக்கான பரிசோதனையும் அவ்வப்போது நடக்கிறது. தொடக்கத்தில் இருந்த இலேசான தலைவலியையும் குமட்டலையும் தவிர எனக்கு வேறு தொல்லை வரவில்லை.

செலவு கடினமானது. மாதந்தோறும் வாங்கியாக வேண்டிய மருந்து. மருத்துவமனையில் சேராமல் வெளிநோயாளியாக வாங்குவதற்குப் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தருவதில்லை. இந்தியத் தயாரிப்புக்கு மாறிய பிறகு சுமை குறைந்தது. எண்ணிக்கையில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. மாறிய புதிதில் மட்டும் இரத்தப் பரிசோதனையை நெருக்கமாகச் செய்துகொண்டேன்.

பால் பொருட்களை ஒதுக்கி வைக்க முடியாதவர்கள், உணவோடு சேர்த்து உட்கொள்ளும் இதே வகை மாத்திரையான அவாட்ரோம்போபாக் பற்றித் தம் மருத்துவரிடம் கேட்கலாம். என் வரையில், பிரெட்னிசோலோன் காலத்தோடு ஒப்பிட்டால் இரவுத் தயிரை இழந்தது மலிவான விலைதான். இப்போது 25 மி.கி.யில் எண்ணிக்கை நிலையாக இருப்பதால், மெல்ல நிறுத்திப் பார்க்கும் பேச்சு தொடங்கியிருக்கிறது. சிலருக்கு நிறுத்திய பின்னும் எண்ணிக்கை நிலைத்திருக்கிறது. சிலருக்குப் பழைய அளவுக்கும் கீழே சரிந்துவிடுகிறது. அதனால் நிறுத்திய பின் குறைந்தது நான்கு வாரங்கள், வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மழைக்காலக் காய்ச்சல்கள் ஓய்ந்த பிறகு அதைத் தொடங்கலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.