ஒயர் டிஸ்க்கா, ஆயில் டிஸ்க்கா? ஏலகிரி இறக்கத்துக்கு எது, ஊருக்குள் ஓட்ட எது

வேலூரில் எந்த சைக்கிள் கடையில் போய் மவுண்டன் பைக் கேட்டாலும் முதலில் காதில் விழுவது "டபுள் டிஸ்க் சார்" என்பதுதான். முன்னாலும் பின்னாலும் டிஸ்க் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் தகவல் எதுவும் இல்லை. அந்த டிஸ்க்கைப் பிடிக்க வைப்பது ஒயரா, ஆயிலா என்று கேட்டால்தான் பேச்சு விஷயத்துக்கு வரும். விலை வித்தியாசம் அங்கேதான், பிற்பாடு வரும் தலைவலியும் அங்கேதான்.

கடைக்காரரைக் கேட்காமலேயே கண்டுபிடிக்கலாம். சக்கரத்துப் பக்கம் குனிந்து, ஒரு கையால் பிரேக் லீவரை அழுத்துங்கள். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் ஒரு சின்னக் கை அசைந்து, வெளியே தெரியும் கம்பி இழுபட்டால் அது ஒயர், அதாவது மெக்கானிக்கல். வெளியே எதுவும் அசையாமல் உள்ளே பேட் (டிஸ்க்கில் உராயும் கட்டை) மட்டும் நகர்ந்து டிஸ்க்கைக் கவ்வினால் ஆயில், அதாவது ஹைட்ராலிக். லீவரோடு ஒட்டி ஒரு சின்ன டப்பா மாதிரி இருக்கும், ஆயில் அதற்குள்தான்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். மலை இறங்குகிறவருக்கு ஆயில், இறங்காதவருக்கு ஒயர். ஆனால் ஆயில் வாங்குகிறவர், அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளையும் சேர்த்துத் தேடிக்கொள்ள வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் பாதி விஷயம் அந்த ஆள்தான்.

"ஆயில் பிரேக் அதிகமாகப் பிடிக்கும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த ஒயர் டிஸ்க்கும் சக்கரத்தை அப்படியே பூட்டிவிடும். அதற்கு மேல் பிடித்து என்ன ஆகப்போகிறது? அந்த அளவு பிடிப்புக்கு உங்கள் விரல் எவ்வளவு உழைக்கிறது, பூட்டுவதற்கு ஒரு நூலிழை முன்னால் உங்களால் நிறுத்திப் பிடிக்க முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

ஆயில் பிரேக்கில், லீவருக்குள் இருக்கும் சின்ன பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. காலிப்பரில் இரண்டு பக்கமும் இருக்கும் பெரிய பிஸ்டன்கள் பேட்களை ஒரே நேரத்தில் டிஸ்க்கின் மேல் அழுத்துகின்றன. ஒரு விரல், மிஞ்சிப்போனால் இரண்டு விரல் போதும். பேட் தேயத் தேய பிஸ்டன் தானாகவே முன்னால் வந்து இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். நாம் எதையும் திருக வேண்டாம்.

ஒயர் பிரேக்கில் கம்பி உறைக்குள் உராய்ந்துகொண்டு போகிறது. உறையும் கொஞ்சம் அமுங்குகிறது. பின் சக்கரத்துக்கு உறை நீளம் அதிகம், அதனால்தான் பின் பிரேக் எப்போதும் கொஞ்சம் 'பொசபொச' என்று இருக்கும். விலை குறைந்த சைக்கிள்களில் வரும் ஒயர் காலிப்பர்களில் வெளிப்பக்க பேட் மட்டும்தான் நகரும். அது டிஸ்க்கை லேசாக வளைத்து உள்பக்க பேடின் மேல் கொண்டுபோய் அழுத்தும். உள்பக்க பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால், கை பலமெல்லாம் டிஸ்க்கை வளைப்பதிலேயே போய்விடும்.

அந்த உள்பக்க பேடை நகர்த்த ஒரு திருகு இருக்கிறது. ஸ்போக்குகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் தெரியும். சிலதைக் கையாலேயே திருகலாம், சிலதுக்கு அலென் கீ வேண்டும். ஒயர் டிஸ்க் வைத்திருப்பவர்களில் பலர் இந்தத் திருகைத் தொட்டதே இல்லை. பிரேக் தளர்ந்தால் லீவர் பக்கமோ காலிப்பர் பக்கமோ ஒயரை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டிவிடுவார்கள். காலிப்பரின் கை ஏற்கெனவே பாதி தூரம் இழுபட்ட நிலையில் நின்றுவிடும். அவசரத்துக்கு அழுத்தும்போது மிச்ச தூரம் போதாது. முதலில் உள்பக்கத் திருகு, கடைசியில்தான் ஒயர். இந்த வரிசை மாறாமல் இருந்தாலே "டிஸ்க் பிடிக்கவே மாட்டேங்குது" என்ற புகாரில் பாதி காணாமல் போகும்.

மலையில் என்ன நடக்கிறது

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 14. ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது கடையெழு வள்ளல்களில் ஒருவர் பெயர். ஏறும்போது பெயர்ப் பலகைகளை நிதானமாக வாசிக்கலாம், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கத்தானே போகிறோம். இறங்கும்போது கண்ணில் படுவது எதிரே வரும் பஸ்ஸும் குரங்கும் மட்டும்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, இறக்கம் 500 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சத்து 40 ஆயிரம் ஜூல் ஆற்றல் கீழே வருவதற்குள் எங்காவது போயாக வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிக்கிற வரை கொண்டுபோகிற சூடு அது. காற்று கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்குகிறவருக்கு அதுவும் கிடையாது, பெரும்பகுதி அந்த இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகளில்தான் இறங்கும்.

இந்த இடத்தில்தான் ஒயர் டிஸ்க்கின் குணம் தெரியும். சூட்டில் பேட் வேகமாகத் தேய்கிறது. தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அதில் கிடையாது. மேலே கிளம்பும்போது பாதி தூரத்தில் பிடித்த லீவர், கீழே வர வர கிரிப்பை நெருங்கிக்கொண்டே வரும். "எறங்கசொல்ல லீவர் கைய வந்து தொடுதுணா" என்று பையன்கள் சொல்வது இதைத்தான். கூடவே நான்கு விரலாலும் இறுக்கிப் பிடித்துப் பிடித்து முன்கை மரத்துப்போகும். வளைவு வரும் நேரத்தில் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆயில் பிரேக்கில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. மலைக்கு ஆயில் என்று நான் சொல்வதற்கு முழுக் காரணமும் இதுதான், நிறுத்தும் பலம் பிறகுதான்.

ஜவ்வாது மலைப் பக்கம் சரளை கிடக்கும் காட்டுத் தடங்களில் இன்னொரு வித்தியாசம் தெரியும். அங்கே சக்கரம் பூட்டிக்கொண்டால் வழுக்கல்தான். ஒரு விரலால் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து ஓட்டுவது ஆயிலில் இயல்பாக வரும். ஒயரில், அதுவும் தூசு ஏறிய ஒயரில், ஒன்று பிடிக்காது, இல்லையென்றால் சட்டென்று பூட்டும்.

ஆனால் ஒரு நேர்மையான விஷயமும் சொல்ல வேண்டும். அளவு மீறிச் சூடானால் ஒயர் பிரேக்கில் பேட் மட்டும்தான் வழுக்கும். ஆயில் பிரேக்கில் ஆயிலே கொதித்துக் குமிழி விட்டால் லீவர் வெறுமனே உள்ளே போய்விடும். நல்ல ஆயில், காற்று இல்லாத குழாய், முன்னால் 180 மில்லிமீட்டர் டிஸ்க் இருந்தால் ஏலகிரி அளவு இறக்கத்தில் அதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. எந்த பிரேக்காக இருந்தாலும் மேலிருந்து கீழ் வரை தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து, அப்புறம் முழுவதும் விட்டுவிடுங்கள். டிஸ்க்குக்குக் காற்று வாங்க நேரம் வேண்டும்.

"வேலூர் வெயிலுக்கு ஆயில் என்ன ஆகும்?" என்றும் கேட்கிறார்கள். ஒன்றும் ஆகாது. கத்திரி வெயில் 42 டிகிரி. இறக்கத்தில் டிஸ்க் தொடும் சூட்டுக்கு முன்னால் அது ஒரு கணக்கே இல்லை.

ஆயிலை யார் ஊற்றுவது

இதுதான் நான் அதிகம் கவலைப்படுகிற இடம். நம் ஊரில் தெருவுக்கு ஒரு டூவீலர் மெக்கானிக் இருக்கிறார். பைக்கில் டிஸ்க் பிரேக் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, பிளீடிங், அதாவது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி ஆயில் நிரப்புவது, அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. சைக்கிளைக் கொண்டுபோனால், "பிரேக் ஆயில்தானே தம்பி, ஊத்திக்கலாம்" என்று உடனே பாட்டிலைத் திறப்பார். அந்த பாட்டிலில் இருப்பது டாட் 3 அல்லது டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில். ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு வேண்டியது மினரல் ஆயில். இரண்டும் வேறு வேறு சாதி. மினரல் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் சீல்களை டாட் ஆயில் உப்ப வைத்துக் கெடுத்துவிடும். ஊற்றிய அன்று பிரேக் அருமையாகப் பிடிக்கும், கேடு பிறகு தெரியும். அப்போது லீவரையும் காலிப்பரையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

தலைகீழாகவும் உண்டு. ஸ்ராம் கம்பெனியின் பல மாடல்கள் டாட் 5.1 கேட்பவை, அவற்றில் மினரல் ஆயில் ஊற்றக் கூடாது. டாட் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறியதுக்கு அந்த வரம்பு 155. அதனால் அதை அவ்வப்போது மாற்றியே தீர வேண்டும். மினரல் ஆயில் ஈரத்தை இழுக்காது, நாள்பட உழைக்கும். நம் பக்கத்தில் வாங்குகிறவருக்கு நான் மினரல் ஆயில் பிரேக்கைத்தான் சொல்வேன். ஷிமானோ எம்டி200 மாதிரி அடிமட்ட மாடலே ஏலகிரிக்குத் தாராளம். பெயர் தெரியாத கம்பெனியின் மலிவு ஆயில் செட்டை விட நல்ல ஒயர் செட் எவ்வளவோ மேல், ஏனென்றால் அந்த மலிவு செட்டுக்கு நாளைக்கு பேட் எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எது வேண்டும் என்பது லீவர் டப்பாவின் மூடியிலேயே பெரும்பாலும் பொறித்திருக்கும். மெக்கானிக்கிடம் விடும்போது அதைக் காட்டிவிட்டு, பாட்டிலையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஒயரில் இந்தக் கதையே இல்லை. ஆலங்காயத்தில் அறுந்தாலும் ஜமுனாமரத்தூரில் அறுந்தாலும், சீட்டுக்கு அடியில் ஒரு ஒயரைச் சுருட்டி வைத்திருந்தால் அலென் கீயை வைத்து மரத்தடியில் உட்கார்ந்து மாற்றிவிடலாம். ஒயரின் தலை, லீவருக்குள் உட்காரும் உருளை வடிவமா என்று மட்டும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் குழாய் மலை மேல் கிழிந்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான். அது அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் கையில் மருந்து இல்லை.

ரயிலிலோ பஸ்ஸிலோ சைக்கிளை ஏற்றுகிறவர்களுக்கு: சக்கரத்தைக் கழற்றிய நிலையில் யாராவது ஆயில் பிரேக் லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்கள் ஒட்டிக்கொள்ளும், திரும்ப டிஸ்க் உள்ளே நுழையாது. பேட்களுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகி வையுங்கள். தலைகீழாகக் கிடந்த சைக்கிளில் லீவர் தொளதொளவென்று இருந்தால் நிமிர்த்தி வைத்து நாலைந்து தடவை அழுத்துங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் சரியாகவில்லை என்றால் உள்ளே காற்று இருக்கிறது, பிளீடிங் தேவை.

பேட் விஷயத்தில் இரண்டு பிரேக்கும் ஒன்றுதான். எண்ணெய் பட்டால் போச்சு. டூவீலர் வாட்டர் சர்வீஸில் கழுவி முடித்ததும் அடியில் ஆயில் ஸ்ப்ரே அடிப்பார்களே, அங்கே டிஸ்க் சைக்கிளைக் கொண்டுபோகவே கூடாது. ஒரு ஸ்ப்ரேயில் இரண்டு ஜோடி பேடும் வீணாகி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தும். ஆயில் பிரேக்காரர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். பேட் தேய்வது லீவரில் தெரியாது என்பதால், சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் பேடை எட்டிப் பாருங்கள். ஷிமானோ கணக்கில் 0.5 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் மாற்ற வேண்டும்.

சரி, யாருக்கு எது

காட்பாடியிலிருந்து கல்லூரிக்கு, சத்துவாச்சாரியிலிருந்து வேலைக்கு என்று தினமும் ஓட்டுகிறவருக்கு ஒயர் போதும். உண்மையைச் சொன்னால், வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும் இந்தச் சமவெளியில் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் நல்ல வி-பிரேக்கே போதும், டிஸ்க் என்பது கொஞ்சம் ஆசைக்குத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஒயர்தான். போட்ட இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு ஆயில் பிரேக் வாங்கிக் கொடுப்பது வீண். வாரக் கடைசியில் ஏலகிரி, அமிர்தி, ஜவ்வாது மலை என்று போகிறவர் யோசிக்காமல் ஆயில் போடலாம். கை சின்னதாக இருப்பவர்கள், விரல் வலி உள்ள பெரியவர்கள் மலைக்கே போகாவிட்டாலும் ஆயிலில் சுகமாக ஓட்டுவார்கள். மூட்டை கட்டிக்கொண்டு நாள்கணக்கில் தூரம் போகிறவருக்கு, இரண்டு பேடும் நகரும் வகை ஒயர் காலிப்பரை நான் கையைக் காட்டுவேன்.

கையில் ஏற்கெனவே ஒயர் டிஸ்க் சைக்கிள் இருந்தால் உடனே மாற்ற ஓட வேண்டாம். புது ஒயர், அமுங்காத வகை அவுட்டர் கேபிள் (ஒயரின் உறை), நல்ல ரெசின் பேட் (பிசின் கலந்த மென்மையான வகை) போட்டு, உள்பக்கத் திருகைச் சரிசெய்து ஒரு தடவை மலை இறங்கிப் பாருங்கள். அதற்கும் கை வலித்தால் அப்போது செலவு செய்யலாம். புது பேட் போட்டதும் சமதரையில் கொஞ்சம் வேகம் எடுத்து மெதுவாக நிறுத்துவதை ஒரு இருபது தடவை செய்தால்தான் கடி வரும். நேராக மலைக்குப் போகாதீர்கள். டிஸ்க்கில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று அச்சிட்டிருந்தால் மெட்டல் பேட் பக்கம் போகவும் வேண்டாம்.

ஆயில் சைக்கிள் வாங்கும்போது பில் போடுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். நமக்கு ஸ்கூட்டர், பைக் பழக்கத்தில் வலது கை முன் பிரேக். சில சைக்கிள்கள் இடது கையில் முன் பிரேக்கோடு வருகின்றன. ஒயர் என்றால் பத்து நிமிஷத்தில் இடம் மாற்றிவிடலாம். ஆயிலில் குழாயைக் கழற்றி, குழாய் இணைப்பை இறுக்கி மூடும் புது ஆலிவ் வளையம் போட்டு, திரும்ப பிளீட் செய்ய வேண்டும். வலது பக்கம் மாற்றிக் கொடுத்தால்தான் பணம் என்று கடையிலேயே சொல்லிவிடுங்கள்.